ஹால் ஷோகேஸில் கோடை அலங்காரம்: மூன்று கோடைக்குப் பிறகு எது நின்றது, எது கெட்டது

பங்குனிக் கடைசியில் அடுக்கி, ஆடி பிறக்கும்போது எடுத்து வைக்கிற அலங்காரம் இது. மூன்று கோடையாக ஒரே ஷோகேஸில் ஓடுகிறது: 6 அடி உயரம், 3 அடி அகலம், 12 அங்குல ஆழம், ஐந்து தட்டு, மேற்கு ஜன்னலுக்கு அருகில். வைத்தவை வெட்டிவேர், சிறிய பித்தளை உருளி, கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட், மண் ஜாடி, பனை ஓலைக் கொட்டான், பத்தமடைப் பாய் விரிப்பு, பின்பக்கம் சுங்குடித் துணி. அடுக்கிய அன்று எல்லாமே அழகுதான். கத்திரி வெயிலையும் நாள் முழுக்கச் சுற்றும் ஃபேனையும் தாண்டி எது நிற்கிறது என்பதே விஷயம்.

முதலில் தட்டுகளில் இருப்பதையெல்லாம் இறக்குங்கள். ஷீல்டு, கல்யாணப் பரிசு, பிளாஸ்டிக் பூ என இருப்பதில் பாதியாவது அட்டைப்பெட்டிக்குப் போக வேண்டும். ஒரு தட்டுக்கு மூன்று பொருள், நடுவில் ஒரு கை அகலம் வெறும் இடம். ஜன்னல் திறந்தே இருக்கும் மாதங்களில் தினமும் தூசி படியும். சாமான் குறைந்தால்தான் இரண்டு நிமிடத்தில் துடைக்க முடியும். குளிர்ச்சியாகத் தெரிவதற்கும் அந்த வெற்றிடம்தான் காரணம், வாங்கி வைக்கும் எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

பின்பலகைத் துணியில் முதல் கோடையிலேயே தப்பு நடந்தது. இருபக்க டேப்பில் ஒட்டிய துணி சித்திரை பாதியில் மேல் ஓரத்தில் கழன்று தொங்கியது. வெப்பத்தில் பசை இளகிவிடும். பிரித்தெடுத்தால் சன்மைக்காவில் பிசுக்கு நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போகும். சரியான வழி, தட்டின் உள் அளவைவிடக் கால் அங்குலம் சிறியதாகத் தடித்த அட்டை வெட்டி, துணியை நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் மடித்து, அட்டையின் பின்புறம் ஊசிநூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைப்பது. அட்டையைச் சாய்த்து உள்ளே நிறுத்தினால் போதும், ஒட்டவே வேண்டாம். சுங்குடியை முதலில் உப்புத் தண்ணீரில் தனியாக அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே அளவெடுங்கள். அலசினால் சுருங்கும், சாயமும் கொஞ்சம் விடும்.

வெட்டிவேர் இந்த வரிசையில் மிகவும் பிடித்தது. 50 கிராம் வேர்க்கட்டு ஒன்றை அகன்ற மண் கிண்ணத்தில் பிரித்துப் பரப்பி, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தால் ஹால் முழுக்க மணக்கும். ஊறவைத்து வைக்கக் கூடாது. மூன்று பக்கம் அடைத்த தட்டில் காற்றோட்டம் குறைவு. சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஈர வேர் உலராமல் பூஞ்சை பிடித்து முடை நாற்றம் அடிக்கும். மதுரை, திருச்சி வறண்ட காற்றில் இந்தத் தொல்லை குறைவு. வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்தி எடுத்தால் மணம் ஒரு கோடை முழுக்க வருகிறது. இரண்டாம் கோடையில் பாதிதான், மூன்றாவதற்குப் புதுக்கட்டு வாங்க வேண்டும்.

மண் ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுட்ட மண் கசியும், குளிர்வதே அதனால்தான். அந்த ஈரம் அடியில் இறங்கிப் பார்ட்டிகிள் போர்டுத் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தட்டை உப்பவைக்கும். முதலில் விளிம்பில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் பட்டை தூக்கும், பிறகு விளிம்பு பொருபொருவென்று உதிரும். அப்படி உப்பியது மறுபடி படியாது. ஜாடிக்குள் ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி, தண்ணீரை அதில் ஊற்றுங்கள். பிளைவுட் தட்டானாலும் அடியில் எவர்சில்வர் தட்டு ஒன்று கட்டாயம்.

உருளிக்கு ஆறங்குலம் போதும். பன்னிரண்டு அங்குல உருளி தண்ணீரோடு பல கிலோ ஆகும், கண்ணாடித் தட்டுக்கு அது ஆபத்து. பூவில் சாமந்தி மூன்று நாள் நிற்கிறது. மல்லிகை ஃபேன் காற்றில் மறுநாளே பழுக்கிறது. ரோஜா இதழ் தண்ணீரைக் கலக்குகிறது. சரக்கொன்றை கண்ணுக்கு அவ்வளவு அழகு, ஆனால் ஒரு நாளில் உதிர்ந்துவிடும். பாதி மொட்டாக இருக்கும் கொத்தை ஒடித்து வைத்தால் அந்த ஒரு நாளாவது முழுசாகக் கிடைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம், செடி முழுக்க விஷம். தண்ணீரை இரவில் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பித்தளையில் நீர்மட்டக் கோடு விழும். கோடு விழுந்தால் நெல்லிக்காய் அளவு புளி, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியதும் உடனே துணியால் ஒற்ற வேண்டும். வார்னிஷ் பூசிய பித்தளைக்குப் புளி ஆகாது, பூச்சு திட்டுத் திட்டாகப் பெயரும்.

மணி பிளான்ட் எளிதுதான். கணுவுக்குக் கால் அங்குலம் கீழே வெட்டி, கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். வெளிச்சம் நேராகப் படும் நிறமில்லாத பாட்டிலில் பாசி படரும், பழுப்புப் பாட்டிலில் குறைவு. இதையெல்லாம்விட முக்கியம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அப்படியே இருக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை பாட்டில் பிரஷ் விட்டுக் கழுத்துப் பகுதியை அழுத்தித் தேய்த்து, வேரையும் அலச வேண்டும். இதற்கு நேரமில்லாத வீட்டில் இதே கொடியை மண் தொட்டியில் வையுங்கள்.

பத்தமடை விரிப்பைத் தட்டின் அளவுக்கு வெட்டினால் பாவு நூல் பிரியும். வெட்டும் முன்பே இருபுறமும் துணிப் பட்டி தைத்துக்கொள்ள வேண்டும். மடித்தால் கோரை முறியும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். மூன்று கோடையில் ஓரங்கள் லேசாக வெளுத்ததைத் தவிர குறை எதுவும் இல்லை.

மெழுகுவர்த்தி மேற்கு வெயிலில் வளைந்தது, திரும்ப வைக்கவில்லை. சிப்பிகளை வெந்நீரில் போட்டு, பிரஷால் தேய்த்துக் காயவைக்காவிட்டால் நாறும். பவளப்பாறைத் துண்டு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

ஆடிக்காற்று தொடங்கும் முன் எல்லாம் இறங்க வேண்டும், அடுத்து கொலுவுக்குத் தட்டு வேண்டுமே. கொட்டான்களை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, உள்ளே இரண்டு துண்டு வசம்பு போட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பாலிதீன் பையில் கட்டிய கொட்டான் ஐப்பசி மழைக்குள் கருத்துப் பூஞ்சை கட்டியது. துணியில் சுற்றியவை மூன்றாவது கோடைக்கும் அப்படியே வந்தன.