மலையகத்தில் நீரிழிவைக் கணக்கிடுதல்: கிளினிக் பதிவேடா, மாதிரிக் கணக்கெடுப்பா?

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கிளினிக் பதிவேடுகளும், நீரிழிவு போன்ற தொற்றா நோய்களுக்கான பரிசோதனை செய்ய 2011 முதல் இலங்கையில் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களின் பதிவுகளும். மற்றையது, உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையிலான மாதிரிக் கணக்கெடுப்பு.

பதிவேட்டுக்குச் செலவு குறைவு. மாதந்தோறும் புதுப்பிக்கவும் முடியும். ஆனால் அது வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. கிளினிக் நாளன்று கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் (நாட்கூலி) கிடைக்காது என்பதால், கிளினிக்குக்கு வராமல் வேலைக்குப் போய்விடும் நோயாளியும், நோய் இருப்பதையே அறியாதவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. எண்ணிக்கை உயர்ந்தாலும், நோய் கூடியதா, பரிசோதனை கூடியதா என்று பிரித்தறிய இயலாது.

கணக்கெடுப்பு இக்குறையை நீக்குகிறது. வினாக்கள், உடல் அளவீடுகள், இரத்தப் பரிசோதனை என்னும் மூன்று படிகளில், 2015இல் 18 முதல் 69 வயது வரையானோர் இலங்கையில் ஆராயப்பட்டனர். எனினும், 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி தோட்டத் துறையினர் மக்கட்தொகையில் ஏறத்தாழ 4.4 வீதமே என்பதால், தேசிய மாதிரியில் விகிதாசாரப்படி அவர்களுக்குக் கிடைக்கும் சிறு பங்கைக் கொண்டு நுவரெலியா, பதுளை ஆகிய தோட்ட மாவட்டங்களைத் தனித்தனியே மதிப்பிடுவது கடினம். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதும் (ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் சர்க்கரை என்பது நீரிழிவின் எல்லை) விடியலில் தேநீர் குடித்துவிட்டு மலையேறுவோரிடம் எளிதன்று.

தோட்டத்தின் மருந்துத் தேவையைக் கணிக்கப் பதிவேடே போதும். பரவலை அறிய, தோட்டத் துறைக்கெனப் பெரிதாக்கிய மாதிரியையே நான் தெரிவுசெய்வேன்.