கடலடி ஊற்றா, நிலத்துக் குட்டையா?

உயிரை இயக்கும் வேதிவினைகளான வளர்சிதை மாற்றம், உயிர் வருமுன்பே எங்கே தொடங்கியிருக்கும்? கடலடி வெந்நீர் ஊற்று, நிலத்துச் சிறு குட்டை: பலரும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆற்றல்
ஊற்று: பாறையும் நீரும் வினைபுரிந்து வரும் ஹைட்ரஜன். இரவு பகல் கிடையாது.
குட்டை: சூரியனின் புற ஊதாக் கதிர். பகலில் மட்டும்.

விளைபொருள்
ஊற்று: 2020இல் ஆய்வகத்தில் இரும்புக் கனிமங்களை வினையூக்கியாக வைத்து, 100 டிகிரி நீரில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தார்கள். ஃபார்மேட், அசிட்டேட், அப்புறம் பைருவேட் என்ற சிறு கரிமச் சேர்மங்கள் கிடைத்தன. நம் செல்கள் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாகும் அதே பைருவேட்! நொதி ஒன்றுகூட இல்லாமல் இது நடந்தது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.
குட்டை: 2009இல் ஆய்வகத்தில், மரபுச் செய்தியைச் சுமக்கும் சங்கிலி மூலக்கூறான ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் (அடிப்படை அலகுகளில்) இரண்டு கிடைத்தன.

நீர்
ஊற்று: எங்கும் நீர், மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள் சிதைந்துவிடும்.
குட்டை: காய்ந்து நனைவதால் மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும்.

சரி, எது? வளர்சிதை மாற்றத்துக்கு என் தேர்வு ஊற்றுதான். ஆர்.என்.ஏ. போன்ற மரபுச் சங்கிலி எப்படி வந்தது என்று தேடுபவர்கள் குட்டைப் பக்கம் போகலாம்.