நாலுக்கு மூணு தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

மன்னார்குடியில் வீடு கட்டியபோது மொட்டை மாடியில் செங்கல் தொட்டியா, சின்டெக்ஸா என்று பேச்சு வந்தது. "நாலுக்கு மூணு, மூணடி உசரம். ஆயிரம் லிட்டர் புடிக்கும்ணே" என்றார் கொத்தனார். 36 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 1019. கணக்கு சரிதான், அளவு உள்பக்கம் என்றால். அவர் சொன்னதோ வெளி அளவு.

நாலரை இஞ்ச் சுவர் இரண்டு பக்கம், அரை இஞ்ச் பூச்சு இரண்டு பக்கம்: நீளத்திலும் அகலத்திலும் பத்து பத்து இஞ்ச் போய்விடும். மிஞ்சுவது 3 அடி 2 இஞ்சுக்கு 2 அடி 2 இஞ்ச். மூணடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட 583 லிட்டர். மேலே ஓவர்ஃப்ளோ பைப்புக்கு நாலு இஞ்ச், கீழே வண்டல் வராமலிருக்க இரண்டு இஞ்ச் விட்டால் கைக்கு வருவது 485 தான். பாதி போச்சு! சுவரின் எடையோ முக்கால் டன்னுக்கு மேல், உள்ளே நிற்கும் தண்ணீரைவிட அதிகம். உள் அளவையே நாலுக்கு மூணாக வைக்கலாம். அப்போது மாடி இன்னும் சுமக்க வேண்டும்.

வட்டத் தொட்டியை அளக்க மேலே ஏற வேண்டாம். சுற்றிலும் டேப்பை ஓட்டி, சுற்றளவை அதாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் கன அடி. சுற்றளவு 11 அடி, தொட்டியின் தோள்பட்டை வரை, அதாவது மேலே உள்வாங்கத் தொடங்கும் இடம் வரை, உயரம் 3 அடி 8 இஞ்ச் என்றால் ஏறக்குறைய 1000 லிட்டர். இங்கேயும் அதே ஆறு இஞ்சைக் கழித்தாலும் 860 வரும். அதனால்தான் சின்டெக்ஸ் வைத்தேன்.

பைப்பில் நிற்கும் தண்ணீரைப் பற்றி வீட்டில் கவலை வேண்டாம். ஒரு இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு அரை லிட்டர்தான். வயலில் கதை வேறு. நாலு இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு எட்டு லிட்டர். போர்செட்டிலிருந்து 300 மீட்டர் தள்ளி மடை இருந்தால், பைப் நிரம்பவே 2400 லிட்டர் ஓட வேண்டும்.

வெயிலில் பிளாஸ்டிக் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல இன்னும் போதிய காலம் ஆகவில்லை. காற்றும் ஒரு பயம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பட்ட பாடு தெரிந்ததுதான். புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலையாகத் தொட்டியை நிரப்பிவிடுவேன். ஒரு டன் எடை அதைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் தண்ணீரும் இருக்கும்.

தரைக்கடியில் சம்ப் என்றால் மட்டும் என் ஓட்டு சிமென்டுக்கு. ஆற்றில் தண்ணீர் வந்து, ஐப்பசி மழையும் சேர்ந்து நிலத்தடி நீர் ஏறும்போது, காலியாகக் கிடக்கும் பிளாஸ்டிக் தொட்டி மண்ணைப் பிளந்து மேலே மிதந்து வரப் பார்க்கும்.