கிட்டார் பார்ட்ஸ் ஆன்லைன்ல வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க, எனக்கு 9,050 ரூபா போச்சு

நேத்து ராத்திரி பார்ட்ஸ் வித்த ஆளு என் நம்பரை பிளாக் பண்ணிட்டான், தூக்கமே வரல, அதான் காலைலயே உக்காந்து டைப் பண்றேன்.

நான் காவேரிப்பட்டணம். அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு எலக்ட்ரிக் கிட்டாரோடதான் இருக்கேன், சொந்தமா செய்யறேன். பாடி எங்க தாத்தா தோப்புல காத்துல சாஞ்ச மாமரத்துல அறுத்த பலகை, ரெண்டு வருஷம் காய வச்சது. நெக் (விரல் வச்சு வாசிக்கிற நீளக் கழுத்துப் பகுதி) மட்டும் மேபிள் மரத்துல ரெடிமேடா வாங்கினேன், 7,200.

இந்த நெக்ல ட்ரஸ் ராடு (நெக் வளைவைச் சரி பண்ற உள் கம்பி) திருப்புற இடம் பாடியோட சேர்ற அடிப்பக்கம் இருக்கு, ஒவ்வொரு தடவை அட்ஜஸ்ட் பண்ணவும் நெக்கையே கழட்டணும். மர ஸ்க்ரூன்னா நாலஞ்சு தடவை கழட்டி மாட்டுனா ஓட்டை தேஞ்சு பிடிப்பு போயிடும், ஆறு கம்பியும் சேந்து 45 கிலோவுக்கு மேல இழுக்குது, அங்க கொஞ்சம் ஆடினாலும் டியூனிங் நிக்காது. அதனாலதான் நெக்குக்குள்ள பித்தளை இன்சர்ட் (வெளிய மரத்தைக் கடிக்கிற மரையும், உள்ள ஸ்க்ரூ மாட்டற மரையும் இருக்கிற சின்னக் குழாய்) இறக்கி எம்4 மெஷின் ஸ்க்ரூ, அதாவது 4 மில்லி ஸ்க்ரூ, போடலாம்னு முடிவு பண்ணேன்.

கிட்டார் பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் பக்கம், தமிழ் ஆளுதான். போன்ல அரை மணி நேரம் பேசினான். நெக் என்ன மரம், அடிப்பக்கம் எத்தனை மில்லி தடிமன், பாடில ஓட்டை லூஸா விட்டிருக்கீங்களான்னு எல்லாம் கேட்டான். "தம்பி, சாலிட் பித்தளை, நானே என் கிட்டாருக்கு இதைத்தான் போட்டிருக்கேன், கண்ணை மூடிட்டு போடுங்க"ன்னான். இவ்ளோ விஷயம் தெரிஞ்சவன் ஏமாத்துவானான்னு நம்பி இன்சர்ட், ஸ்க்ரூ, நெக் பிளேட் எல்லாம் சேர்த்து 1,850 ஜிபே பண்ணேன்.

வந்துச்சு. எம்4 போல்ட்ல ரெண்டு நட்டை எதிரெதிரா இறுக்கி, அதுல இன்சர்ட்டை மாட்டி மரத்துல இறக்கறதுதான் முறை. மூணு சுத்து லேசா போச்சு, அப்புறம் டைட் ஆச்சு, நல்லா பிடிச்சிருக்குன்னு நெனச்சு இறக்கிட்டேன். போல்ட்டை திருப்பி எடுக்கப் போனா வரல, இன்சர்ட்டும் கூடவே சுத்துது, கொஞ்சம் அழுத்தினேன், டக்குனு ஒரு சத்தம். பாதி இன்சர்ட் போல்ட்டோட வந்துச்சு, மீதி உள்ளயே. அதை எடுக்கப் போய் நெக் ஓரம் வரைக்கும் வெடிப்பு விட்டுடுச்சு.

ஓசூர்ல லேத் வச்சிருக்கிற அண்ணன்கிட்ட மிச்ச இன்சர்ட்டைக் கொண்டு போனேன். மரை இடைவெளி அளக்கிற பிட்ச் கேஜை வச்சுப் பாத்துட்டு "இது எம்4 மரையே இல்லடா, எட்டு-முப்பத்திரெண்டு, இஞ்ச் மரை"ன்னார். எம்4-க்கு மரை இடைவெளி 0.7 மில்லி, இதுக்கு கிட்டத்தட்ட 0.8, அதான் ரெண்டு மூணு சுத்து போய் சிக்கிக்குது. அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார், மேல மஞ்சள் முலாம், உள்ள சாம்பல் கலர். காந்தமும் ஒட்டல. பித்தளையும் இல்ல இரும்பும் இல்ல, துத்தநாகக் கலப்பு வார்ப்பு. அவர் முகத்தைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

போன் பண்ணா மொதல்ல "உங்களுக்கு டைட் பண்ணத் தெரியல தம்பி". போட்டோ அனுப்புனா "ஸ்டாக் மாறியிருக்கும், கொரியர்காரங்களைக் கேளுங்க". கொரியர்காரன் எப்படிங்க மரையை மாத்துவான்? அடுத்து "48 மணி நேரம் தாண்டிடுச்சு, ரிட்டர்ன் இல்ல". அப்புறம் நாலு நாள் நீல டிக் மட்டும். நேத்து பிளாக். நெக் 7,200, பார்ட்ஸ் 1,850, மொத்தம் 9,050 ரூபா, எனக்கு இது பாதி மாச சம்பளம். 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் கொடுக்கப் போறேன்.

நீங்க வாங்கினா மரத்துல இறக்கறதுக்கு முன்னாடியே கையாலயே ஸ்க்ரூவை இன்சர்ட்ல கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. ஒண்ணை அரத்துல தேச்சுப் பாருங்க. வேஸ்ட் மேபிள் துண்டுல ஒண்ணு இறக்கிப் பாக்காம நெக்ல கையே வைக்காதீங்க. பார்சல் பிரிக்கிறப்பவே வீடியோ எடுங்க. ஸ்க்ரூவாவது ஓசூர்ல போல்ட் நட்டு கடைல நேர்ல பாத்து வாங்குங்க.

வெடிப்புல பசை ஏத்தி கிளாம்ப் போட்டு, ஓட்டைய மேபிள் கட்டையால அடைச்சுட்டு திரும்ப துளை போட்டா அந்த 45 கிலோ இழுப்பைத் தாங்குமா? செஞ்சு பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நெக்கைத் தூக்கிப் போட மனசு வரல.