தென்னங்கன்று என்ற பேரில் 1,680 வெள்ளி: ஊரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

1,680 வெள்ளி. பேநவ்வில், அதாவது சிங்கப்பூரில் போனிலேயே உடனே பணம் அனுப்பும் வசதியில், போன பணம், ஒரு காசு திரும்பவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருப்பவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறது. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. "ஊரில் உங்கள் நிலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாரம் ஒரு வீடியோ போடும் பக்கம், கூடவே ஒரு வாட்ஸ்அப் குழு, ஆர்டர் எடுக்கும் ஆள் இங்கேயே இருக்கிறார். பார்த்தவர்களுக்குப் புரியும்.

பேராவூரணிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அப்பா வைத்த தென்னை ஒரே இரவில் சாய்ந்தது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று அந்த வட்டாரத்துக்கே அதே கதிதான், விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே கடன் வாங்கியவர்கள் உண்டு. அப்புறம் உளுந்து, கடலை என்று போட்டுப் பார்த்தோம். நிலத்தைப் பார்த்துக்கொள்கிற சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கொடுத்தபின் கையில் நிற்பது ஒன்றுமில்லை. ஆள் அதிகம் கேட்காத பயிர் வேண்டும் என்று மறுபடி தென்னைக்கே வந்தோம்.

நெட்டையா கலப்பினமா என்று வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு. நெட்டைதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம். அது காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், ஆனால் அறுபது வருஷம் நிற்கும். கலப்பினம் நாலு வருஷம் போல பாளை விடும், ஆனால் தண்ணீரும் எருவும் தாராளமாகக் கேட்கும். நான் துவாஸில் கப்பல் பட்டறையில் இருக்கிறேன், இன்னும் நாலைந்து வருஷம்தான் இந்த உடம்பு தாங்கும், ஊருக்குத் திரும்பும்போது தோப்பு வருமானம் தரவேண்டும் என்பதால் கலப்பினம் என்று முடிவு செய்தோம். 25 அடிக்கு 25 அடி இடைவெளி, ஏக்கருக்கு 70 கன்று, மொத்தம் 175.

ஆர்டர் எடுக்கும் அந்த ஆளை நேரில் பார்த்துத்தான் பேசினேன், வெறும் வீடியோவைப் பார்த்துப் பணம் அனுப்பவில்லை. லிட்டில் இந்தியாவில் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெருக்கித் தள்ளுகிற நேரம், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். பேச்சு அப்படியே எங்கள் பக்கத்துப் பேச்சு. "அண்ணே, எங்கப்பாவும் கஜாவுல மரத்த எழந்தவருதாண்ணே, உங்க வலி எனக்குத் தெரியும்" என்றார். சாய்ந்த தோப்பின் படம் ஒன்றை போனில் காட்டினார், நடுவில் ஒரு பெரியவர் தலையில் கை வைத்து நிற்கிறார், இவர்தான் அப்பா என்றார். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அங்கிருந்தே நாற்றுப்பண்ணைக்கு வீடியோ அழைப்பு போட்டார், வரிசை வரிசையாகக் கன்று, நல்ல கனத்த தூர், பழுப்பு ஓடின மட்டை. "ஆரஞ்சுக் குட்டைக்கும் நெட்டைக்கும் கலப்புண்ணே, ஒரு கன்று தப்பா இருந்தாலும் மாத்தித் தருவோம்." கன்றுக்கு 1,190, மூணடிக் குழி வெட்டி நட்டுக் கொடுக்க 490, ஆக 1,680 வெள்ளி. பாதி முன்பணம், மீதி லாரி கிளம்பும்போது. லாரிப் படம் வந்தது, மீதி 840ஐயும் அனுப்பினேன். நாலு வருஷத்துச் சேமிப்புத் திட்டத்தில் முதல் படி என்று மனைவியிடம் சொன்ன பணம் அது.

கன்று இறங்கியதும் சித்தப்பா வீடியோவில் காட்டினார். வயிறு எரிகிறது. பாதிக்கு மேல் மூணு நாலு இலைதான், தூர் விரல் கனம், பலதில் வேரே சரியாக இறங்கவில்லை. இதில் ஒரு விஷயம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரஞ்சுக் குட்டையைத் தாயாக வைத்து நெட்டையோடு கலந்தால், கலப்பு பிடித்த கன்றின் மட்டை பழுப்பு கலந்து வரும். மட்டை ஆரஞ்சாகவே இருந்தால் அது தாய் தன்னிலேயே கருவுற்ற வெறும் குட்டை, நாற்றங்காலிலேயே கழித்துவிட வேண்டியது. எங்களுக்கு வந்ததில் ஒரு பங்கு பளிச்சென்று ஆரஞ்சு. மீதி எல்லாம் சுத்தப் பச்சை, சாதாரண நாட்டு நெட்டை. பழுப்பு மட்டை தேடினாலும் இல்லை. கழித்துக் கட்டிய கன்றையும் சந்தைக் கன்றையும் ஒன்றாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இதை நட்டிருந்தால் ஏழாவது வருஷம்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை வருஷத் தண்ணீர், எரு, சித்தப்பாவின் உழைப்பு, எல்லாம் பாழ்.

குழியாவது ஒழுங்கா? ஒன்றரை அடிதான் இருக்கிறது. மூணடி நீளம், அகலம், ஆழம் என்று பேசிய குழி.

அப்புறம் தொடங்கியது சாக்கு. லாரியில் வெயில் பட்டு நிறம் மாறியிருக்கும் என்றார். வளர வளரப் பழுப்பு வரும் என்றார். படம் அனுப்பினால் வெளிச்சம் சரியில்லை, வேறு அனுப்புங்கள் என்றார். மழை நிற்கட்டும், மாற்றுக் கன்று வரும் என்றார். பிறகு ஒரு பெண் பேசினார், "நாங்க நடுவுல இணைச்சு விடுறவங்க மட்டும்தான் சார், கன்றுக்குப் பண்ணைதான் பொறுப்பு." பண்ணை எண்ணைக் கேட்டால் அது கம்பெனி ரகசியமாம். குழுவில் எல்லாரும் பார்க்கும்படி கேட்டேன், அன்று இரவே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். தேக்காவில் டீ வாங்கிக் கொடுத்த ஆள் இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. 1,680 வெள்ளி எனக்குச் சும்மா வரவில்லை, அது ஓவர்டைம் பணம்.

இன்னொரு கொடுமை. சொட்டுநீர் போட்டுத் தருகிறோம், கூட 1,100 வெள்ளி ஆகும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது, தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்றிதழ் வாங்கித் தோட்டக்கலைத் துறையில் பதிய வேண்டும், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பதற்கு இங்கே இருப்பவர்களிடம் காசு கேட்கிறார்கள், ஊர் விவரம் தெரியாது என்ற தைரியம்.

போலீஸ் புகார் கொடுத்துவிட்டேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகிறேன், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும், எதிராளியின் முகவரியும் வேண்டும். அந்த முகவரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை, ஷிஃப்டுக்குக் கிளம்பவேண்டும். பேநவ்வில் கம்பெனிப் பதிவு எண் இல்லாமல் தனியாள் கைப்பேசி எண் கொடுத்தால் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் இங்கே மோசடி உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். மீதிப் பணம் கன்று நிலத்தில் இறங்கி உங்கள் ஆள் பார்த்த பிறகுதான், லாரிப் படத்துக்கு இல்லை. ஒரு வருஷக் கன்றுக்கு ஆறு இலையாவது இருக்கவேண்டும், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வேப்பங்குளத்திலேயே தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கம் என்றால் ஆழியாறு, முதலில் அங்கே கேளுங்கள்.

இதே பக்கத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் பேநவ் ரசீதையும் அந்த ஆள் அனுப்பிய குரல் பதிவுகளையும் அழிக்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள், எல்லாரும் சேர்ந்தே புகார் கொடுப்போம்.