"நாளைக்கு வரேன்": பழைய வீணையும் ஐந்து நாளும்

தஞ்சாவூரில் பழைய வீணை வாங்கினேன் என்றால் உடனே எல்லோரும் கேட்பது, என்ன விலை, விமானத்தில் எப்படி ஏற்றினாய் என்றுதான். அதெல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் சொல்ல வந்தது மேளம் கட்டியவரைப் பற்றி. மேளம் என்றால் கொட்டுகிற மேளம் இல்லை; வீணையில் விரல் அழுத்தும் உலோகக் கட்டைகளான மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிக்கும் வேலை.

விற்றவர்கள் வியாபாரிகள் இல்லை. அக்காவும் தம்பியும், இருவருக்கும் எழுபதுக்கு மேல், வீணைப் பைத்தியங்கள். போனதும் விலை பேசவில்லை. "யார்கிட்ட சிட்சை, தம்பி?" என்று கேட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில், மினியாபொலிஸில் பதினைந்து வருடமாகப் பனி தள்ளிய விரல்கள், வர்ணம் பாதியில் சறுக்கியது. "விரல் மறக்கலை, மனசுதான் மறந்திருக்கு" என்றார் அந்த அம்மா. அப்புறம்தான் விலை.

வீணை ஏகாண்டம். உருண்டையான குடமும் மெட்டுகள் இருக்கும் நீண்ட தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தவை, ஒட்டு கிடையாது. ஓர வேலைப்பாடு தந்தமா என்று பயந்துபோய்க் கேட்டேன். வனவிலங்குச் சட்டப்படி தந்தத்தை விற்கவும் கூடாது, எடுத்துப்போகவும் கூடாது, மான்கொம்பும் அப்படித்தான். பிளாஸ்டிக் என்றார்கள். அழகில்லை, ஆனால் நிம்மதி.

குறை ஒன்றுதான். பல கோடை கண்ட மெழுகு தளர்ந்து, 24 மெட்டில் பாதி ஆடிக்கொண்டிருந்தன. புதிதாக மேளம் கட்டியாக வேண்டும். எனக்கு ஊரில் மிச்சம் பத்து நாள்.

மேளம் கட்டுபவருக்கு போன் செய்தேன். "நாளைக்கு வரேன் தம்பி." நாளை வந்தது, அவர் வரவில்லை. மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் போனை எடுக்கவே இல்லை. மினியாபொலிஸில் குழாய் ரிப்பேருக்கு வருகிறவன்கூட எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் என்று சொல்லிவிட்டு, பதினொன்று ஐம்பதுக்காவது வந்து நிற்பான். நான்காம் நாள் நான் கத்திவிட்டேன். அவர் பொறுமையாக, "மெழுகு காயணும்ல, வெயில் பாத்துத்தானே வர முடியும்" என்றார். இது என்ன நியாயம் என்று அன்று புரியவில்லை. இன்றும் முழுதாகப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டினார். காப்பிகூட இறங்கவில்லை. கையில் துணிப்பை, அதில் தேன்மெழுகு, கரித்தூள், ஒரு கத்தி. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதியதைக் காய்ச்சிப் பிசைந்து, தண்டியின் இரு பக்கமும் கறுப்புக் கரைபோல ஏற்றினார். பிறகு ஒவ்வொரு மெட்டாகப் பதித்தார்.

உதவி செய்வதாக நினைத்து போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. தந்தியை மீட்டுவார், மெட்டை நூலளவு நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். மேல் ஸ்தாயியில் மெட்டுகள் நெருங்க நெருங்க முகம் தந்தியை ஒட்டிப் போனது. ஒரு காந்தார ஸ்வரத்துக்கு மட்டும் இருபது நிமிடம். எனக்குக் கேட்காத வித்தியாசம் எதுவோ அவருக்குக் கேட்டது. மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றார், மோர் மட்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடித்து, சரளி வரிசை வாசித்துக் காட்டினார். வீணையை விற்ற அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

கேட்ட கூலி, மினியாபொலிஸில் ஒருவர் வாசல்படி ஏறுவதற்கே வாங்கும் தொகையில் பாதிகூட இல்லை. ரசீது கேட்டேன். "எதுக்கு?" என்றார். பதில் தெரியவில்லை. கிளம்பும்போது ஒரு மெழுகு உருண்டையைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். "அங்க குளிர்ல மெட்டு பேந்துக்கும். லேசா சூடு காட்டி அழுத்துங்க."

போன வாரம் ஹீட்டர் காற்றில் ஏழாவது மெட்டு பேர்ந்தது. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு போன் செய்தேன்.

"நாளைக்குக் கூப்பிடுங்க தம்பி" என்றார்.