பகிர்ந்த கணக்குக் கோப்பும் அனுமதிச் சிக்கலும்: மூன்றாண்டு லினக்ஸ் சர்வர் அனுபவம்

எங்கள் அலுவலகக் கணக்குக் கோப்பு ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. நான்கு பேர் முறைவைத்துத் திறந்து பதிவிடுகிறோம். முதல் ஆறு மாதம் படாத பாடு பட்டோம். காலையில் ஒருவர் ரசீதுகளைப் பதிந்து சேமிப்பார். மதியம் அடுத்தவர் திறந்தால் ‘படிக்க மட்டும்’ என்று வரும். நான் போய், அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையால் 660 (உரிமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் 644, அதாவது உரிமையாளர் மட்டுமே எழுதலாம். மாதக் கடைசியில் இப்படி நின்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

ஒருநாள் மாலை, சக ஊழியர் சேமிப்பதற்கு முன்னும் பின்னும் கோப்பின் ஐநோட் எண்ணை (ஒவ்வொரு கோப்புக்கும் கணினி தரும் அடையாள எண்) குறித்துக்கொண்டேன். எண் மாறியிருந்தது. அப்போதுதான் விளங்கியது: அந்த மென்பொருள் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடுகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் கணக்கு சிதையாது என்பதால் இது நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு சேமிப்பிலும் பிறப்பது புதுக் கோப்பு. அதன் உரிமையாளர் சேமித்தவர்; குழு அவருடைய முதன்மைக் குழு; அனுமதி, அவருடைய யுமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற அமைப்பு) 022 விட்டுவைத்த மிச்சம். நான் திருத்திய கோப்பு அடுத்த சேமிப்போடு காணாமல் போய்க்கொண்டிருந்தது. திருத்த வேண்டியது கோப்புறையை.

நால்வரையும் ஒரு குழுவில் சேர்த்து, கோப்புறையை அந்தக் குழுவுக்கு மாற்றி, 2770 கொடுத்தேன். முன்னால் நிற்கும் அந்த 2 தான் செட்ஜிஐடி. உள்ளே பிறக்கும் கோப்பெல்லாம் கோப்புறையின் குழுவையே பெறும். குழு சரியானது, எழுதும் அனுமதி மட்டும் வரவில்லை. ஒவ்வொருவரின் யுமாஸ்க்கையும் மாற்றலாம். ஒருவருக்கு விட்டுப்போனாலும் பழைய கதைதான். அதனால் செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் கோப்புறைக்கு இயல்பு ஏசிஎல் (உள்ளே பிறக்கும் கோப்புகளுக்குத் தானாகச் சேரும் அனுமதிப் பட்டியல்) அமைத்தேன். அது இருக்கும் இடத்தில் யுமாஸ்க் பார்க்கப்படுவதே இல்லை. இருவர் விண்டோஸிலிருந்து, லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பா வழியாக வருகிறார்கள். புதுக் கோப்புக்கு எந்த அனுமதிகள் வரலாம் என்று வரம்பிடும் சாம்பாவின் கிரியேட் மாஸ்க் இயல்பாக 0744. அதில் குழு எழுத இடமில்லை. அதை 0660 ஆக்கி, அனுமதிகளைக் கட்டாயமாகச் சேர்க்கும் ஃபோர்ஸ் கிரியேட் மோடையும் 0660 என்று வைத்தேன்.

777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிட்டால் போதுமே என்று பலர் சொன்னார்கள். சம்பள விவரம் இருக்கும் கோப்பை சர்வரில் ஓடும் எந்தச் சேவையும் திருத்தலாம் என்று விடுவதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

அதன்பின் இரண்டு முறைதான் தடங்கல். ஒருமுறை, பயனரைக் குழுவில் சேர்க்கும் யூசர்மோட் கட்டளையில் சிறிய ‘ஏ’ விருப்பத்தை விட்டுவிட்டு பெரிய ‘ஜி’ மட்டும் கொடுத்தேன். முதன்மைக் குழு தவிர, அந்த ஊழியர் மற்றக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் விழுந்துவிட்டார். திருத்திய பிறகும், அவர் வெளியேறி மீண்டும் உள்நுழையும்வரை பலன் தெரியவில்லை. இன்னொரு முறை வட்டு மாற்றம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் சிறிய ‘ஏ’ மட்டும் கொடுத்திருந்தேன். ஏசிஎல்லையும் கொண்டுவர பெரிய ‘ஏ’ வேண்டும். கோப்புப் பட்டியலில் அனுமதி எழுத்துகளின் கடைசியில், ஏசிஎல் இருந்தால் வழக்கமாக நிற்கும் கூட்டல் குறி காணாமல் போயிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இருவர் ஒரே நேரத்தில் திறக்கும் சிக்கல் இதில் தீராது. அது, ஒருவர் திறந்திருப்பதை மற்றவருக்குக் காட்டும் பூட்டுக் கோப்பின் வேலை. மென்பொருள் பாதியில் நின்றுபோனால் அந்தப் பூட்டு அப்படியே கிடந்து, அடுத்தவருக்கு அனுமதிப் பிழை போலவே தோன்றும். இப்போது யாராவது அழைத்தால் முதலில் பூட்டைத்தான் பார்க்கிறேன், பிறகு கூட்டல் குறியை.